கூப்பிட்டவர் சொன்னால் சரி

எங்கள் கூட்டத்திலேயே பெரிய கை பேக்கரி அக்காவுடையதுதான். இருபது வருடம் மாவு பிசைந்த கை. அதில் மகள் கடித்த பல்தடம் ஏழெட்டு இருக்கும். மகளுக்குப் பத்தொன்பது வயது. பேச்சு வராது, கோபம் மட்டும் குறைவில்லாமல் வரும். "என் பொண்ணு தொட்டுக்க எதுவும் கேக்க மாட்டா, என் கையே போதும்" என்று சொல்லி அக்கா சிரிப்பாள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

சனிக்கிழமைதோறும் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறையில், சின்னப் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்போம். எல்லாருமே இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பவர்கள். என் மகன் தலையைச் சுவரில் மோதுவான். நான்தான் அடிக்கிறேன் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். என் கூடப்பிறந்த தம்பியே "நீ வளர்த்த லட்சணம்" என்றான். அங்கே வந்த ஒவ்வொருவரும் இப்படி ஊர் வாயில் விழுந்து எழுந்தவர்கள். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். பிள்ளை கைமீறிப் போனால் போன் வரும், பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் ஓட வேண்டும். போன இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது. கூப்பிட்டவர் சொன்னால் சரி. ஒருவர் கத்தி, கண்ணாடிச் சாமான்களை அப்புறப்படுத்துவார். இன்னொருவர் பிள்ளையைப் பின்னாலிருந்து போர்வையால் சுற்றி, அணைத்தபடி தரையில் உட்கார்ந்துவிடுவார். சுற்றுவது அக்கா, கத்தி பொறுக்குவது நான்.



ஏசி மெக்கானிக் கூட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மனைவி விட்டுப் போய்விட்டாள், பதினான்கு வயது மகனை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். முதல் நாளே கட்டுப்போட்ட விரலைக் காட்டிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரை எங்களுக்குப் பிடித்துப் போய்விட்டது.

ஒரு நாள் மதியம் அவரிடமிருந்து போன். "பையன் என்னைக் கொன்னுடுவான், சீக்கிரம் வாங்க!"

மாவுக் கையோடு அக்கா ஓடினாள். நான் பின்னால். கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் டிவி உடைந்து கிடந்தது. மூலையில் பையன் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு ஊளையிட்டான். மெக்கானிக் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். "புடிங்க அக்கா, புடிங்க!"

அக்கா போர்வையை வீசி அவனைச் சுற்றிப் பிடித்து உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்லடா கண்ணு, முடிஞ்சுபோச்சு." நான் சமையலறைக்குள் போய்க் கத்திகளைத் துணியில் சுருட்டினேன்.

சப்பென்று ஒரு சத்தம். பையன் காலால் எதையோ உதைக்கிறான் என்று நினைத்தேன். அவன் முதுகில் முகம் புதைத்திருந்த அக்காவும் அப்படித்தான் நினைத்து இன்னும் இறுக்கினாளாம். இரண்டாவது சத்தத்தில் நான் வெளியே வந்துவிட்டேன். மெக்கானிக் கையில் பெல்ட். பக்கிள் பட்டுப் பையனின் காது கிழிந்து, ரத்தம் அக்காவின் தோளில் வழிந்தது. மூன்றாவது அடி அக்காவின் முழங்கையில் இறங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் அடிக்கக் கை தூக்கவில்லை, அடியைத் தடுக்கத் தூக்கியிருக்கிறான்.

பையனை விட்டுவிட்டு எழுந்தாள். மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து பிரிட்ஜில் மோதினாள். மறுபடி மோதினாள். மூக்கு உடைந்து அவர் பல்லெல்லாம் சிவப்பு. "என்னைக் கூப்பிட்டு, என்னையே புடிக்க வெச்சு அடிக்கிறியாடா?" நான் இடுப்பைக் கட்டி இழுத்திராவிட்டால் அந்த ஆள் அன்றைக்குச் செத்திருப்பார். பாதி மனசோடுதான் இழுத்தேன், உண்மையைச் சொல்வதென்றால்.

"முடியல அக்கா... மூணு நாளா தூங்கல. இவன் டிவிய ஒடைச்சதும் கண்ணு மண்ணு தெரியல" என்று அவர் தரையில் சரிந்தார்.

"எனக்கும் முடியலதான். போனை எடு. குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்குப் போடு. நீயே சொல்லு."

"பையனைக் கொண்டுபோயிடுவாங்க."

"கொண்டுபோகட்டும். உன்கிட்ட இருந்தா செத்துடுவான்."

ஸ்பீக்கரில் போட்டார். நான் பையனின் காதில் துணியை அழுத்திக்கொண்டிருந்தேன். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அடிச்சது யாரு?"

"நான்தான். அவங்கப்பா."

"பையன் தப்பிச்சு ஓடப் பாக்கலையா?"

மெக்கானிக் அக்காவைப் பார்த்தார். நான் அக்காவின் காதோரம் சாய்ந்து, "வாயைத் திறக்காத அக்கா. உன் பேரு அங்க ஏறிச்சுன்னா நாளைக்கு உன் வீட்டுக்கும் வருவாங்க. உன் பொண்ணையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. மெக்கானிக்கின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஓட முடியல மேடம். நான் கெட்டியா புடிச்சிருந்தேன்."