நல்ல பையன், ஒரே ஒரு குத்து

ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டனில் நோலீன் பாஸ்கோவுக்குப் பயப்படாத ஆம்பிளை குறைவு. சனிக்கிழமைதோறும் ஹார்டுவேர் கடை வாசலில் இறைச்சி சாசேஜ் சுட்டு, வதக்கிய வெங்காயத்தோடு ரொட்டியில் மடித்து விற்பாள். வாங்க வந்தவன் மனுத்தாளில் கையெழுத்துப் போடாமல் நகர முடியாது. முஷ்டியால் ஒரே குத்தில் ஆளைக் கொன்றவனுக்குக் குறைந்தது பத்து வருஷம் ஜெயில். அவள் கேட்கும் சட்டம் அதுதான்.

"மொதல்ல சாசேஜ், சட்டம் அப்புறம்" என்றான் ஒருவன்.

"உன் மண்ட தரையில மோதுற வரைக்கும் அப்புறம்னுதான் சொல்லுவ. போடுடா கையெழுத்த."

இருபது வருஷம் பள்ளிக்கூட கேன்டீனில் பிள்ளைகளை மேய்த்த வாய். அந்த வாய்க்கு வெறி ஏற்றியது மகன் ட்ராயின் சாவு. மதுக்கடை வாசலில் டாக்சிக்கு நின்றவனை எவனோ ஒரு பொடிப்பயல் பக்கவாட்டில் வந்து குத்தினான். நடைபாதை விளிம்பில் பின்மண்டை அடித்தது. நாலாம் நாள், ஆஸ்பத்திரியில் குழாய்களைப் பிடுங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

குத்தியவன் இரண்டே வருஷத்தில் வெளியே வந்துவிட்டான். அந்த ஊர் வழக்கம் அப்படி. பையன் எவனையாவது அடித்தால் அவனுடைய ஃபுட்பால் கிளப் நீதிபதிக்கு நற்சான்றுக் கடிதம் எழுதும், பெற்றவளும் எழுதுவாள், தண்டனை இளைத்துப்போகும்.

"கடுதாசி எழுதுன ஆத்தாளையும் சேத்து உள்ள போடணும்!" என்பாள் நோலீன், கூட்டத்துக்குக் கூட்டம். கைத்தட்டல் பறக்கும். நரம்பில்லாத நாக்கு.

அந்தச் சட்டத்துக்கான சட்டசபைக் குழுவின் விசாரணைக்கு ஐந்து நாள் இருக்கும்போது டெஸ் கார்மொடி வந்து நின்றான். ஒரு காலத்தில் ஊரிலேயே பேர்பெற்ற சமையல்காரன். இப்போது கிடங்கில் பெட்டி தூக்குகிறான். சாசேஜை ஒரு கடி கடித்தான்.

"வெங்காயம் போட்டிருக்கீங்களா நோலீன்?"

"போட்டிருக்கேனே. தெருவே மணக்குது."

"எனக்கு மணக்கல. உங்க ட்ராய் குத்துனதோட மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு."

பத்தொன்பது வயதில் ட்ராய் கிளப் வாசலில் டெஸ்ஸைக் குத்திச் சாய்த்திருந்தான். மண்டை உடைந்தும் டெஸ் சாகவில்லை. கோர்ட்டில் ட்ராயைக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டெஸ் பேனாவைத் தொடவில்லை. பழைய தாள் ஒன்றை நீட்டினான். "கோர்ட்டுல எனக்குக் குடுத்த நகல். குழு முன்னால இத வாசிங்க, நான் கையெழுத்துப் போடுறேன். வாசிக்கலைன்னாலும் சரி, உங்க இஷ்டம்."

ஐந்து நாளும் அந்தத் தாள் ஃப்ரிட்ஜின்மேல் கிடந்தது. கிழித்திருக்கலாம். இரண்டு முறை கையில் எடுத்து, இரண்டு முறையும் திரும்ப வைத்தாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

விசாரணையில் குழுத்தலைவி கேட்டாள்: "கோர்ட்டுல எதனால தண்டனை குறையுதுன்னு நெனைக்கிறீங்க, மிசஸ் பாஸ்கோ?"

நோலீன் தாளைப் பிரித்து வாசித்தாள். "'என் மகன் நல்ல பையன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரே ஒரு குத்து. அதற்காக அவன் வாழ்க்கையைக் கெடுத்துவிடாதீர்கள். அடிபட்டவரும் அன்று குடித்திருந்தார்.'"

பின்வரிசையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் முணுமுணுத்தார்கள். ஒருத்தி அழுதாள்.

"இத எழுதுன பொம்பளைக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?" என்றாள் தலைவி.

"கெடையாது. எழுதுனது நான்."

மறுநாள் பத்திரிகையில் கடிதம் முழுசாக வந்தது. மசோதாவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினார்கள். சனிக்கிழமை கடைக்கு உதவ அந்தத் தாய்மாரில் ஒருத்திகூட வரவில்லை. வாங்க வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் வேறு வாசலுக்கு நடந்தார்கள்.

டெஸ் வந்தான். சொன்னபடி கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு விழுந்தது அது ஒன்றுதான். பிறகு அவள் கேட்காமலே கரண்டியை வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோலீனுக்குத் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது.

"டெஸ், வெங்காயம் கருகுது."

"எனக்கெப்படித் தெரியும்?" என்றான் அவன்.