பெட்டிக்குள் வைத்த மருந்து

என் மாமா ஐஸ்க்ரீம் வண்டி ஓட்டினார் என்று பள்ளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பொன்முடி எஸ்டேட்டின் லைன் வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு அப்படியொரு மாமா இருக்க நியாயமில்லை என்று வகுப்பே முடிவு செய்திருந்தது. அதனால் வெள்ளைப் பெட்டி வைத்த அந்த வண்டி மலைக்கு வரும் திங்கள், வியாழக்கிழமைகளில், வேண்டுமென்றே எல்லோரும் பார்க்கும்படி நடு ரோட்டில் நின்று கையாட்டுவேன். மாமாவும் என் மானத்தைக் காப்பாற்ற இரண்டு தடவை ஹாரன் அடிப்பார்.

மாமா அம்மாவின் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கு என்று வந்து, திருவனந்தபுரத்தில் பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் அத்தையோடு குடியிருந்தார். மலை ஏறும் நாட்களில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் வண்டியை எடுக்கமாட்டார். பிள்ளையாருக்கு அடுத்தபடி அவர் நம்பியது குளிரை. வண்டியை இரவு முழுக்கக் கரண்டில் போட்டுவைத்தால், பெட்டிச் சுவரில் உள்ள தகடுகள் உறைந்து, மறுநாள் பொழுது சாயும்வரை ஐஸ் இளகாது. ஆனால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குளிர் வெளியே போய்விடும். போனது போனதுதான், வழியில் எங்கும் திரும்பக் கிடைக்காது. அதனால் பத்து எண்ணுவதற்குள் கதவை மூடிவிட வேண்டும் என்பது அவர் சட்டம். நான் கூட இருந்தால் எண்ணுகிற உத்தியோகம் எனக்கு.

"தணுப்பு போச்சுன்னா சரக்கு போச்சு, பாத்துக்கோ," என்பார். மூடியை விரலால் ஒரு அழுத்து அழுத்தி, ஒருமுறை இளகி மறுபடி உறைந்த ஐஸ் எது என்று சொல்லிவிடுவார். இந்த உலகத்தில் கெட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம் சூடு என்றும், மருந்து குளிர் என்றும் எனக்கு அவரிடமிருந்து பாடமாகியிருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது.

அண்ணனுக்குப் பதின்மூன்று. ஏழு வயதிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் அம்மா இன்சுலின் ஊசி போடுவாள். ஒருநாள் தவறினாலும் அவன் பிழைக்கமாட்டான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா இல்லாத வீடு. ஃப்ரிட்ஜும் கிடையாது. மருந்துக் குப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஈர மணல் போட்ட பானைக்குள் அம்மா வைத்திருப்பாள். மாதம் ஒருமுறை கொழுந்து பறிக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பட்டணம் போய் வாங்கி வருவாள்.

அந்த ஓண விடுமுறைக்கு நான் மாமா வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். மழையில் மலைக்கு வரும் பஸ் நின்றுபோனது. மாமா திங்கட்கிழமை என்னைத் திரும்பக் கொண்டுவிடும்போது மருந்தையும் வாங்கி வரட்டும் என்று அம்மா போனில் சொன்னாள். என்னிடமும் பேசினாள்.

"மருந்து சூடாச்சுன்னா அண்ணனுக்கு ஆகாதுட்டி. மடியை விட்டு எறக்கப்புடாது, கேட்டியா?"

கேட்டேன். மருந்துக்கடைக்காரர் இரண்டு குப்பிகளை ஒரு தெர்மோகோல் டப்பாவில் வைத்து, மேலே ஒரு சின்ன ஐஸ் பையையும் போட்டுக் கொடுத்தார். குப்பியின் அட்டையில் பொடிப் பொடியாக ஏதோ இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. மாமாவுக்கும் எனக்கும் சேர்த்து அதைப் படிக்கிற அளவு இங்கிலீஷ் இல்லை. துணிப்பைக்குள் டப்பாவை வைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராஜாவின் கிரீடத்தை என்னை நம்பிக் கொடுத்த மாதிரி ஒரு மிதப்பு.

வழியெல்லாம் கடை கடையாக இறக்கிக்கொண்டு கல்லாறு வர மதியமாகிவிட்டது. மழை விட்டுச் சுள்ளென்று வெயில். எஞ்சின் சூட்டில் கால் வைக்க முடியவில்லை. டப்பாவைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். ஐஸ் பை இளகி, தொளதொளவென்று, உடம்புச் சூட்டில் இருந்தது. மருந்து சூடாகிக்கொண்டிருக்கிறது, அண்ணன் செத்துப்போவான், நான் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆற்றோரக் கடைக்கு மாமா ஒரு பெட்டி ஐஸை எடுத்துக் கீழே வைத்தார். "கதவை அடை மோளே," என்று சொல்லிவிட்டு, குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டே டப்பாவிலிருந்து இரண்டு குப்பிகளையும் எடுத்து, கை எட்டுகிற மட்டும் உள்ளே, குளிர்த் தகட்டோடு ஒட்டிச் சொருகினேன். பத்துக்குள் கதவை மூடிவிட்டேன். வெள்ளைப் புகை என் முகத்தில் அடித்தது. அவ்வளவு நிம்மதி எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

ஏழாவது வளைவில் மண் சரிந்து வழி அடைத்திருந்தது. மூன்று மணி நேரம் நின்றோம். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். எனக்கு ஒரு கவலையும் இல்லை. மருந்து பத்திரமான இடத்தில் இருந்தது.

மேலே போய்க் கடைசிக் கடைக்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் மாமா குப்பிகளைப் பார்த்தார்.

"இது யாரு வச்சா?"

"நான்தான். ஐஸ் பை இளகிப்போச்சு மாமா."

குப்பிகளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். கல்லாக இருந்தன. "கெட்டிக்காரிட்டி நீ! எனக்குத் தோணலையே," என்று என் தலையைப் பிடித்து ஆட்டினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆர்ட்டயும் பறையாதே. பெட்டிக்குள்ள வேற சாமான் வச்சது கம்பெனிக்குத் தெரிஞ்சா மாமனுக்கு வேலை போயிரும்." குப்பிகளைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தார். வாயை மூடிவைப்பதற்குக் கூலியாக ஒரு கப் மாம்பழ ஐஸ் கிடைத்தது.

அம்மா டப்பாவுக்குள் கைவிட்டுப் பார்த்து, "நல்லா தணுப்பா இருக்கே, வழி நெடுக மடிலயேவா வச்சிருந்தே?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். மாமாவின் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரே பெருமை.

குப்பி இளகியபோது உள்ளே ரவை மாதிரி ஏதோ கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், குலுக்கினாள், ஊசியில் ஏற்றினாள். இரண்டாம் நாள் அண்ணன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். மூன்றாம் நாள் வாந்தி. மழைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் லைனில் உள்ளவர்கள். அம்மா ஊசியை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் காலையில் அவன் மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை வந்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நல்லகாலமாக அன்று வியாழக்கிழமை என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது. மாமா வண்டியிலேயே அவனைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சரக்கு இறக்க எங்கும் நிற்கவில்லை.

உள்ளே அவனைக் கொண்டுபோனபின் ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். அம்மா மடியில் வைத்திருந்த மருந்துக் குப்பியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது ஃப்ரீஸ் ஆயதாணல்லோ," என்றார். உறைந்துபோன மருந்து இது என்று. "ஆரா ஃப்ரீஸரில் வச்சது?"

குரலில் கோபமே இல்லை. வகுப்பில் நல்ல கையெழுத்தைப் பார்த்துவிட்டு இது யாருடையது என்று டீச்சர் கேட்கிற மாதிரிதான் எனக்குக் கேட்டது. நான்கு நாளாக அடக்கிவைத்த பெருமை தொண்டைவரை வந்துவிட்டது. "நான்" என்று வாயைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற பிடி.

"நாந்தான்," என்றார். அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "வண்டிப் பெட்டிக்குள்ள நாந்தான்க்கா வச்சேன். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யாரிடமும் சொல்லாதே என்று என் வாயைக் கட்டிவிட்டு, டாக்டர் முன்னால் பேரைத் தட்டிக்கொண்டு போகிறார். எனக்கு ஒன்றும் தெரியாதாம். அழுதுகொண்டே ஓடிப்போய் வண்டியில் உட்கார்ந்தேன். அண்ணனுக்காக அழுகிறேன் என்று வந்தவர் போனவர் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அண்ணன் மறுநாள் காலை இறந்தான். "இனி என் வாசலை மிதிக்காதே," என்று அம்மா மாமாவிடம் சொன்னாள். அவர் மிதிக்கவில்லை. அம்மா அவரைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் 'பாவி' என்பாள், பேர் சொல்லமாட்டாள்.

இன்று நகரத்தில் ஒரு மருந்துக் கிடங்கில் எனக்கு வேலை. குளிர் அறையின் வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பது அதில் ஒரு பகுதி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அட்டைப்பெட்டியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். உறைய விடக்கூடாது என்று இருந்தது. உறைந்தால் இன்சுலின் செத்துவிடும், இளகினாலும் உயிர் வராது என்று மேற்பார்வையாளர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மாமாவைப் பார்க்கப் போகவேண்டும் என்று அன்றே நினைத்தேன். எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டேன். போன வருடம் அவர் போய்விட்டார். அவர் சாவுக்கும் அம்மா வரவில்லை. உண்மையை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

நினைக்கும்போதெல்லாம் வந்து நிற்பது அண்ணனின் பதினாறாம் நாள் விசேஷம்தான். லைனுக்குக் கீழே ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மாமா நின்றுகொண்டிருந்தார். மேலே ஏறி வரவில்லை. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பெட்டியைத் திறந்து ஒரு கப் மாம்பழ ஐஸை எடுத்து ரோட்டோரக் கட்டைச்சுவரின் மேல் வைத்தார். கதவை மூட மறந்து, எண்ணாமல், என்னையே பார்த்தபடி நின்றார். நான் பத்தைத் தாண்டி முப்பதுவரை எண்ணினேன். பிறகுதான் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

இறங்கிப் போய்ச் சுவர் பக்கத்தில் நின்றேன். மஞ்சளாக இளகிக் கப் ஓரத்தில் வழிந்து எறும்பு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், தொடவில்லை. நான் செய்ததைத் தான் செய்ததாகச் சொன்ன மாமாவோடு ஆயுசுக்கும் காய் என்று தீர்மானித்திருந்தேன்.