கடைசிப் பந்தை யாருக்குத் தூக்குவது

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையின் பின்பக்கம் கை கழுவ ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. தொட்டிக்கும் கடைக்கும் நடுவில் தென்னந்தட்டி மறைப்பு. சிவகிரிக்காரர்களிடம் நாங்கள் தோற்ற அன்று சாயங்காலம், முழங்கையில் காய்ந்திருந்த ரத்தத்தைக் கழுவிக்கொண்டு நான் அந்தத் தட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் என்னைப் பற்றித்தான் பேச்சு.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. சொந்த ஊரான சங்கரன்கோவிலிலேயே தாலுகா அலுவலகத்தில் கிளார்க். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் வாலிபால். ஊர் டீமில் நான்தான் லிஃப்டர், அதாவது பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். முதலில் ஒருவன் சர்வீஸை வாங்குவான், அது என் கைக்கு வரும், நான் யாருக்குத் தூக்குகிறேனோ அவன் எகிறி அடிப்பான். அடித்தால் கைதட்டல் அவனுக்கு. அடி வீணானால், ஏன் அவனுக்குத் தூக்கினாய் என்று என்னைக் கேட்பார்கள். ஏழு வருஷம் அப்படித்தான் ஆடினேன், எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

எங்கள் ஸ்மாஷர் ஆறடிக்கு மேல் இருப்பான். வலையின் இடது முனையில் அவன் எகிறினால், எதிர்த்தரப்பில் பின்வரிசையில் நிற்பவர்கள் ஒரு எட்டு பின்னால் போவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு ஆடியவன். நான் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும் பந்து அவன் உள்ளங்கைக்குப் போகும் என்று ஊரில் சொல்வார்கள்.

அந்த இறுதிப் போட்டியில் நாலு செட் முடிந்து ஆளுக்கு இரண்டு. ஐந்தாவது செட்டுக்குப் பக்கம் மாறும்போது அவன் என்னிடம் ஒட்டி நடந்து வந்தான்.

“ஏலே, எனக்கு இனி போடாத” என்றான்.

“என்னாச்சு?”

“தோளைத் தூக்க முடியல. உள்ளுக்குள்ள என்னமோ இழுத்துப் பிடிக்கி. யார்ட்டயும் சொல்லிராத. அடுத்த மாசம் திருநெல்வேலியில செலக்‌ஷன் இருக்கு, தெரிஞ்சா அவ்வளவுதான்.”

விளையாட்டுக்காரர்களுக்கு அரசு வேலை கொடுக்கிற செலக்‌ஷன் அது. அவன் வீட்டில் அப்பா இல்லை, ஒரு தங்கை இருந்தாள். நான் தலையை ஆட்டினேன்.

அந்தச் செட் முழுக்க அவனை எதிரிகளுக்குப் பூச்சாண்டியாகக் காட்டியே ஆடினேன். ஒவ்வொரு பந்துக்கும் அவன் ஓடி வந்து எகிறுவான், சிவகிரிக்காரர்கள் இரண்டு பேர் அவனைத் தடுக்கக் கையைத் தூக்குவார்கள், நான் பந்தை வலது முனைக்குத் தள்ளிவிடுவேன். அப்படியே பதின்மூன்று வரை வந்தோம். அவர்கள் பதினாலு. சர்வீஸ் அவர்களுடையது. பந்து என் தலைக்கு மேல் வந்தது. வலது முனைக்குத் தூக்கினேன். அதற்குள் அவர்கள் என் கணக்கைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். வலது முனையில் இரண்டு ஜோடிக் கைகள் சுவர் மாதிரி எழுந்தன. பந்து எங்கள் பக்கமே விழுந்தது. விழுந்து வாரிப் பார்த்தேன். முழங்கைதான் தேய்ந்தது.

டீக்கடையில் பேசியவர் பூக்கடை அண்ணாச்சி. மார்க்கெட்டில் பிச்சிப்பூ கடை. எங்கள் மேட்ச் எதையும் விட்டதில்லை. ஆனால் அவர் வாழ்நாளில் பந்தைக் கையால் தொட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டி இடுக்கு வழியே பார்த்தேன். பெஞ்சு மேல் ஆறு டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்து, குறுக்கே தோள்துண்டை வலையாக நீட்டியிருந்தார்.

“இங்கன நம்ம ஸ்மாஷர் நிக்கான். இங்கன பந்து வருது. ஊருல சின்னப்பிள்ளைகிட்ட கேளுங்க, யாருக்குப் போடணும்னு. இவன் அங்கன போடுதான்!” ஒரு கிளாஸைத் தட்டிவிட்டார். அது உருண்டது.

தறி ஓட்டுகிற ஒருவர் குறுக்கே பேசினார். “அண்ணாச்சி, போட்டதை விடுங்க. நம்ம பிளாக் எங்க போச்சு? நாலாவது செட்டுல சிவகிரிக்காரன் ஓரக் கோட்டை ஒட்டியே எட்டு அடி அடிச்சான். நம்மாளு ரெண்டு பேரும் நடுவுலயே நின்னு கும்பிடு போட்டுக்கிட்டு இருந்தானுவ. தடுப்பு சரியில்லாம லிஃப்டரைச் சொல்லி என்ன செய்ய?”

“தடுப்பு வேற, வே. கடைசிப் பந்து நம்ம கையில இருந்துச்சா இல்லையா? எங்க தப்பாச்சுன்னு நான் சொல்லுதேன்.” அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். எனக்கு நன்றாகவே கேட்டது. “லிஃப்டர் பயலுக்கு வயித்தெரிச்சல். இவன் செலக்‌ஷனுக்குப் போறான்லா, கடைசி அடி இவன் அடிச்சுப் பேர் வாங்கிட்டா? வேணும்னே போடலை. கூடவே திரிஞ்சு ஊரையே கவுத்துட்டான்.”

யாரும் மறுக்கவில்லை. தறிக்காரர்கூட, “அப்படியும் இருக்குமோ” என்றார்.

அந்த வார்த்தைகளைக்கூட நான் விழுங்கியிருப்பேன். ஆனால் அதே பெஞ்சின் ஓரத்தில் எங்கள் ஸ்மாஷர் உட்கார்ந்திருந்தான். கையில் டீ. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சி அவனைப் பார்த்து, “என்னடே, நீயே சொல்லு. உனக்குப் போட்டிருந்தா அடிச்சிருப்பியா மாட்டியா?” என்றார். தோளைப் பற்றி அவன் சொல்ல வேண்டியதில்லை. ‘அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி’ என்று ஒரு வார்த்தை போதும்.

அவன் டீயை ஊதினான். கொஞ்சம் சிரித்தான். “என்னத்தைச் சொல்ல” என்றான்.

நான் தொட்டித் தண்ணீரில் கையை வைத்தபடியே நின்றேன். அவர்கள் எழுந்து போகும்வரை வெளியே வரவில்லை.

மறுநாளிலிருந்து ஊரில் அந்தக் கதைதான். அலுவலகத்தில் ஒருவர் ஃபைலை நீட்டியபடி, “இதையாவது சரியான ஆளுக்குப் போடுவீரா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சலூனில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ஸ்மாஷர் என்னிடம் வந்து ஏதாவது சொல்வான் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். அவன் கிரவுண்டுக்கு வந்தான், கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தான், என்னைப் பார்த்தால் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தான். எட்டாம் நாள் நான் கிரவுண்டுக்குப் போகவில்லை. அன்று சாயங்காலம் சிவகிரி பஸ்ஸில் ஏறினேன்.

சிவகிரி டீமின் கேப்டனுக்கு என்னைப் பார்த்ததில் ஆச்சரியம். “ஏன் வே, உங்க ஊருல உம்மை விட்டுட்டாவளா?” என்றார்.

“நான்தான் விட்டுட்டேன். அடுத்த வருஷம் உங்களுக்குத் தூக்குதேன். எங்க ஊரை உங்க எல்லாரையும்விட எனக்கு நல்லாத் தெரியும்.”

ஒரு வருஷம் அப்படிப் போனது. ஐந்தரை மணிக்கு அலுவலகம் விட்டதும் பஸ், இருட்டும் வரை ஆட்டம், திரும்பவும் பஸ். பஸ்ஸில் உட்கார்ந்து நான் யோசித்ததெல்லாம் அவன் ஒருவனைத்தான். கோட்டை ஒட்டி அடிக்கப் போகிறான் என்றால் எகிறுவதற்கு முன் கீழுதட்டைக் கடிப்பான். குறுக்கே அடிக்கத் தோளை முழுக்கச் சுழற்ற வேண்டும். அது இனி அவனால் முடியாது. இந்த இரண்டும் இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சிநேகிதத்தில் தெரிந்துகொண்டதைக் கத்தி மாதிரித் தீட்டிக்கொண்டிருக்கிறோமே என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. தீட்டத் தீட்ட நன்றாக இருந்தது. பசி எடுத்தது, தூக்கம் வந்தது, ஆட்டம் முன்னைவிடத் தேறியது.

செலக்‌ஷனில் அந்த வருஷம் அவனை எடுக்கவில்லை என்றும், அடுத்த வருஷம் வரச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

மறுவருஷம் அதே மைதானம், அதே இரண்டு ஊர், இறுதிப் போட்டி. நான் சிவகிரி பனியனைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஊளைச் சத்தம் எழுந்தது. பூக்கடை அண்ணாச்சி குடையைத் தரையில் தட்டி என்னமோ கத்தினார். அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

சிவகிரித் தடுப்பாட்டக்காரர்களிடம் முன்பே சொல்லியிருந்தேன். கோட்டுப் பக்கத்தை ஒரு கை அகலம்கூட விடாமல் மூடுங்கள். குறுக்குப் பக்கம் திறந்தே கிடக்கட்டும், அவன் அங்கே அடிக்க மாட்டான். சர்வீஸை அவன் தலையிலேயே போடுங்கள், அவனே வாங்கி அவனே ஓடி வந்து எகிறட்டும்.

முதல் அடி கோட்டை ஒட்டி வந்தது. உதட்டைக் கடித்ததைப் பார்த்து நான் கை காட்டினேன். பந்து எங்கள் ஆட்களின் கையில் பட்டு அவன் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அவன் மெதுவாகத் தட்டிவிட்டான், நானே ஓடி எடுத்தேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் என்னைப் பார்த்தான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். நான் செய்வது இன்னதென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அது புரிய வேண்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

இரண்டாவது செட்டின் நடுவில் அவன் குறுக்கே அடித்தே தீருவது என்று முடிவு செய்தான். எகிறினான், தோளைச் சுழற்றினான். பந்து வலைக்கு அடியில் போனது. கீழே இறங்கியவன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். எங்கள் ஊர்க் கூட்டம் அவனை ஏச ஆரம்பித்தது. “வெளிய வாலே! கை வெளங்கலைன்னா எதுக்குலே ஆடுத?” மூன்றே செட்டில் ஜெயித்தோம்.

சிவகிரிக்காரர்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். கோப்பையோடு அவர்கள் வேனில் ஏறியபோது நான் ஏறவில்லை. எனக்கு டீக்கடையில் வேலை இருந்தது.

அண்ணாச்சி கிளாஸ்களைக் கவிழ்த்து முடித்திருந்தார். ஸ்மாஷர் பெஞ்சின் ஓரத்தில் அதே இடத்தில் இருந்தான், தோளில் ஈரத்துணி. நான் நேராக உள்ளே போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். திட்டுவார்கள், அடிக்கக்கூட வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் தயாராகத்தான் போனேன்.

அண்ணாச்சி முகம் மலர்ந்து, “வாரும் வே!” என்றார். “ஒரு டீ போடுப்பா இவருக்கு. என்னா மூளை! கோட்டுப் பக்கத்தை எப்படி அடைச்சான் பாத்தீயளா? நான் போன வருஷமே சொன்னேன்லா, இவன்தான் நம்ம டீமுக்கு மூளைன்னு. இந்தத் தடியன் சும்மா கைதான். அன்னைக்கு இவனுக்குப் போடாதது சரிதான் வே, இப்பல்லா தெரியுது.”

ஒரு வருஷம் பஸ்ஸில் சுமந்துபோன வன்மத்தை இறக்க இடமில்லாமல் போய்விட்டது. தான் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்மாஷர் பக்கம் திரும்பினேன். அவன் டீயை ஊதிக்கொண்டிருந்தான். அந்த ஊதல் சத்தம்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

“அண்ணாச்சி, போன வருஷம் நான் ஏன் போடலைன்னு தெரியுமா? இவனுக்குத் தோளு போயிட்டு. எனக்குப் போடாதன்னு இவன்தான் சொன்னான். செலக்‌ஷனுக்குத் தெரிஞ்சுரக் கூடாதுன்னு என்னை ஏச விட்டுட்டு இங்கனயே உக்காந்து டீ குடிச்சான்.”

“ஆமாவாடே?” என்று தறிக்காரர் அவனைக் கேட்டார்.

“ஆமா” என்றான். ஈரத்துணியை எடுத்து மடித்தான், எழுந்து போனான்.

அண்ணாச்சி கவிழ்ந்திருந்த கிளாஸ் ஒன்றை நிமிர்த்தி வைத்தார். “அப்ப நீ ஏன் வே அன்னைக்கே சொல்லல? சொல்லியிருந்தா வேற ஆளை இறக்கியிருக்கலாம்லா? ஊரு தோத்ததுக்கு நீயும்தான காரணம்?” என்றார். எல்லாரும் அதையும் விவாதிக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த மாதம் அவன் செலக்‌ஷனுக்குப் போகவில்லை. தோள் சமாச்சாரம் திருநெல்வேலி வரை எட்டிவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். இல்லை, அவனாகவே போகவில்லை என்றும் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். தங்கைக்கு டீச்சர் டிரெய்னிங் சேர இருப்பிடச் சான்றிதழ் வேண்டியிருந்தது. மனுவை வாங்கி ஓரமாக வைத்தேன். அவனுக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முதலில் பார்த்து அனுப்பினேன். அவன் சுவரில் சாய்ந்து நின்றான். நாலு மணிக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் என் மேசைக்கு வந்துவிட்டது. அதை டிராயருக்குள் வைத்தேன்.

கூட்டம் குறைந்ததும் அவன் குனிந்து பேசினான்.

“ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடு. அன்னைக்கு எனக்குப் போடாதன்னது வலிக்கு இல்ல. வலி இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா பயம்தான் கூட. கடைசி அடியை விட்டுட்டா என்னாகும்னு பயம். நீ அதைக் கேட்டிருக்கக் கூடாது. எனக்கே போட்டிருக்கணும். போட்டிருந்தா அடிச்சிருப்பேன்.”

இவன் பேச்சை நம்பியல்லவா நான் எல்லாவற்றையும் சுமந்தேன். இப்போது வந்து, அண்ணாச்சி கிளாஸை உருட்டிச் சொன்னதையே இவனும் சொல்கிறான். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் பங்குக்குப் பழிவாங்குகிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் எகிறிய எத்தனையோ அடிகள் என் கண்முன் வந்தன. பதினாலுக்குப் பதின்மூன்றில் பந்து என் தலைக்கு மேல் வந்த அந்தக் கணத்தில், இடது முனையில் அவன் உண்மையாகவே ஓடி வந்தானா, நடித்தானா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

“நாளைக்கு வா. கையெழுத்து ஆகல” என்றேன்.

அவன் டிராயரைப் பார்த்தான். போய்விட்டான்.

மறுநாள் அவன் வரவில்லை. தங்கை வந்தாள். சான்றிதழை எடுத்து நீட்டினேன். அவள் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்து, பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதைக் காட்டினாள். திருத்திக் கொடுத்தேன்.