வந்தவளிடமே கேட்டேன், வைவா நடந்தது

"நம்ம வூட்ல கைநாட்டு வெச்சவங்களே ஆளுக்கு மூணு காணி ஆண்டாங்க. நீ படிச்சு இன்னாத்த ஆளப் போறே?"

இதைச் சொன்னவர் என் பெரியப்பா. நான் எம்.எஸ்ஸி. முடித்து, தாவரவியலில் பிஎச்.டி. சேர்ந்த அன்று சொன்னார். அவர் சொன்ன மூன்று காணியில் அப்போதே ஒரு காணிகூட மிச்சமில்லை. எல்லாம் கல் நட்டு பிளாட்டாகிவிட்டது. அதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சில வருடங்கள் கழித்துத்தான் அவருக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதிலை என் வாயில் வைத்தவள் எங்கள் ஏரிக்கரை அம்மன். அவள் நடத்தியதை, அவளை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எங்கள் ஊர் செம்பாக்கம். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது ஓட்டுப் போடுவதற்கு மட்டும்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெரியப்பா ஆடிக்கு ஆடி அம்மன் கோயிலில் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுப்பவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எங்கள் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

என் ஆராய்ச்சி எங்கள் ஏரியில் வளரும் செடிகளைப் பற்றியது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கோரையும் பாசியும் பறித்துக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு கரையேறுவேன். கரையில் மாடு குளிப்பாட்டுகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

"இன்னாக்கா, மாட்டுக்குப் புல்லு புடுங்கக்கூட இப்ப டிகிரி கேக்குறாங்களா?"

"மாட்டுக்கும்தான் கேக்குறாங்க. உன் மாடு எதுவரைக்கும் படிச்சிருக்கு?" என்பேன்.

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஒருநாள்கூட ஏரிக்குப் போகாமல் இருந்ததில்லை. போகும்போது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நிற்பேன். "பார்த்துக்கோ" என்பேன். அவ்வளவுதான் என் பூஜை.

தொண்ணூற்று நாலாம் வருடம் சித்திரை மாதம். ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது. மிச்சமிருந்தது வைவா ஒன்றுதான். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, கல்லூரியில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார். பதில் சொல்லித் தேறினால் டாக்டர் பட்டம். வருகிற தேர்வாளர் ஜூன் மாதம் வெளிநாடு போகிறார், திரும்ப இரண்டு வருடம் ஆகும் என்று என் கைடு மேடம் சொல்லியிருந்தார். அவரை விட்டால் வேறு ஒருவரை நியமித்து, அவர் படித்து, தேதி குறித்து... எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு அத்தனை மாதம் இல்லை. பெரியப்பா ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். ஆனியில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: "படிப்ப முடிச்சிட்டா சந்தோஷம். முடிக்கலேன்னா அத்தோட வுட்டுடணும். கல்யாணம் ஆன பொண்ணு ஏரியில எறங்கறது எங்களுக்கு ஒத்து வராது." அப்பா தலையை ஆட்டிவிட்டார். அதாவது, அந்த வைவா நடந்தால் பட்டம். நடக்காவிட்டால் என்றைக்கும் இல்லை.

வைவாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. வெயில் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் காபி வாங்க அடுப்படிக்குப் போனேன். அம்மா என் கழுத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயி வந்துக்கீறா" என்றாள்.

அம்மை. கழுத்தில் இரண்டு முத்து, தோளில் நாலு. மத்தியானத்துக்குள் உடம்பெல்லாம் கொப்பளம்.

எங்கள் வீடுகளில் அம்மை பார்த்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்து. அடுப்பில் தாளிப்பு நின்றது. நான் வாழையிலையில், தலைமாட்டில் வேப்பிலையோடு. மூன்றாவது தண்ணீர் தலைக்கு ஊற்றும்வரை வாசற்படி தாண்டக் கூடாது. வீட்டில் இருப்பவர்களும் அடுத்த வீட்டுக்குள் நுழையக் கூடாது.

நான் வைரஸ் என்று புத்தகத்தில் படித்தவள். பிறருக்குத் தொற்றும் என்பதும் தெரியும். அந்த உடம்போடு கல்லூரிக்குப் போயிருக்க மாட்டேன். "பிஎச்.டி. பண்ணிட்டு வேப்பிலையில படுத்திருந்தியா?" என்று கல்லூரித் தோழிகள் பின்னால் கேலி செய்தார்கள். ஆமாம், படுத்திருந்தேன். வைரஸும் தெரியும், வந்தவள் யார் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்தால் குற்றமா?

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்தார். வாசலிலேயே நின்று கும்பிட்டார். பிறகு அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஆத்தாளே வந்து குந்திகினா. இதுக்கு மேல யார் இன்னா சொல்லணும்? வாணாம்னு சொல்றா. பேசாம கல்யாண வேலைய பாரு."

அப்பா வாசல் வேப்பிலைக் கொத்தைச் சரியாகச் செருகினார்.

காய்ச்சல் தாங்கினேன். அரிப்பு தாங்கினேன். இந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. ஊரே கேலி செய்தபோது யாரிடம் போய் நின்றேனோ, அவளையே எனக்கு எதிராகச் சாட்சிக்கு இழுத்துவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். ஒருவேளை அவர் சொல்வதுதான் உண்மையோ என்றுகூடத் தோன்றியது. அந்த நினைப்பு ஒரு பகல் என்னோடு இருந்தது. அதைவிடக் கறுத்த பகலை நான் பார்த்ததில்லை.

அதற்கு மறுநாள் அம்மா வேப்பிலையால் வருடிக்கொடுக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். வாய் திறக்காமல் அம்மனிடம் பேசினேன். இதுதான் என் பிரார்த்தனை, கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்:

"நீ வந்தாய், சரி. என் உடம்பில் இடம் கேட்டாய், கொடுத்தேன். ஆனால் தடுக்க வந்தாய் என்று அவர் சொல்வதை நான் நம்ப மாட்டேன். இத்தனை வருடம் உன் ஏரியில் இறங்கியவள் நான். ஒருநாள் வழுக்கி விழுந்ததில்லை, ஒரு பாம்பு தீண்டியதில்லை. அப்படிக் காத்தவள் கடைசிப் படியில் காலை வாருவாளா? வந்த இடத்தில் ஒரு வேலை இருக்கிறது. முடித்துக் கொடுத்துவிட்டுப் போ."

மரியாதை இல்லாத பிரார்த்தனை என்று சிலருக்குத் தோன்றலாம். தாயிடம் பேசுகிற மாதிரி பேசினேன். பேசி முடித்ததும் தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது பெரியப்பா எதிரே நின்றார். கையில் இளநீர். காய்ச்சல் இறங்கியிருந்தது, எனக்கு நல்ல தெளிவு. அம்மை கண்டவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். நாங்கள் நோயாளியிடம் கேட்பதில்லை. உள்ளே வந்திருப்பவளிடம் கேட்கிறோம். கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும். வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு, மோர் என்று கேட்பார்கள். கேட்டது கிடைக்காவிட்டால் அவள் கோபித்துக்கொண்டு போவாள். அது வீட்டுக்கு ஆகாது.

பெரியப்பா கை கூப்பினார். "தாயே, இன்னா வேணும் உனக்கு? சொல்லு, கொண்டாறேன்."

"வைவா நடக்கணும்" என்றேன்.

அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கூப்பிய கை அப்படியே நின்றது.

"இளநீ கொண்டாந்துக்கிறேன் தாயே. நுங்கு வேணுமா?"

"நுங்கு வேணாம். வைவா. காலேஜுக்கு ஆள் போகணும். தண்ணி ஊத்தினப்புறம் ஒரு நாள் வாங்கிக்கினு வரணும்."

"யாரு போறது?"

"இன்னா வேணும்னு கேட்டவங்கதான் போகணும்."

நான் சாமி வந்து ஆடவில்லை. குரலை மாற்றவில்லை. கேட்டது நானா அவளா என்று பின்னால் பலர் விசாரித்தார்கள். அம்மை பார்த்த உடம்பில் அதைப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பெரியப்பாவுக்கும் தெரியவில்லை. அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

அப்போது அம்மா பேசினாள். என் அம்மா பெரியப்பா முன்னால் நின்று பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அடுப்படிக்குள் நின்றபடியே தலையை மட்டும் நீட்டினாள்.

"கேட்டாச்சு மாமா. குடுத்துடணும். இல்லேன்னா குடும்பத்துக்கு ஆவாது."

பெரியப்பா இளநீரைக் கீழே வைத்தார். வெளியே அவருடைய டி.வி.எஸ். பிஃப்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவர் திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் குந்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

"அம்மை வூட்லேர்ந்து போறவன், நான் கட்டடத்துக்குள்ள போகல. மரத்தடியில நின்னுகினேன். வாட்ச்மேன் இன்னாய்யா வேணும்னான். செடி டீச்சர் வேணும்னேன். அந்தம்மாவே எறங்கி வந்துச்சு. சேதி சொன்னேன். அய்யய்யோ, அந்தப் பொண்ணுக்கான்னு கண்ணு கலங்கிடுச்சுடா."

"அப்புறம்?" என்றார் அப்பா.

"அங்கேர்ந்தே, கேள்வி கேக்க வர்ற அந்தப் பெரிய மனுசனுக்கு போன் போட்டுச்சு. அவரு மதுரையில ஒரு பரீட்சை, நாகர்கோயில்ல ஒரு கல்யாணம் பார்த்துட்டு திரும்புறாராம். திரும்பி வர்றப்ப தாம்பரத்துலயே எறங்கிக்கிறேன்னுட்டாரு. நல்லா கொணமாயி வரட்டும், அவசரமில்லேன்னாராம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "முடித்துக் கொடுத்துவிட்டாய்" என்றேன்.

பெரியப்பா நிறுத்தவில்லை. "ஒரு அட்டைய எடுத்தாந்து காட்டுச்சு. நம்ம மடை கிட்ட மொளைக்குமே, அந்தக் கோரை. காய வெச்சு ஒட்டி வெச்சிக்கிறாங்க. கீழே இன்னா எழுதிக்கீதுன்னு கேட்டேன். செம்பாக்கம் ஏரின்னு ஊரு பேரு எழுதிக்கீதாம். அதுக்குக் கீழே இவ பேரு எழுதிக்கீதாம். நூறு வருசம் இருக்குமாம் அது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பிளாட் போட்டவன் எவனும் நம்ம பேர எழுதலடா."

அப்பா எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

மூன்றாவது தண்ணீர் ஊற்றி, கோயிலில் கூழ் வார்த்து, இரண்டு நாள் கழித்து வைவா நடந்தது. முகம் முழுக்கத் தழும்பு. "கொஞ்சம் பவுடராவது போட்டுக்கோடி" என்றாள் ஒரு தோழி. போடவில்லை. வந்து போனவளை நான் ஏன் மறைக்க வேண்டும்? தேர்வாளர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன். ஒரு கேள்விக்கு மட்டும் தெரியாது என்றேன். அதையும் நிமிர்ந்துதான் சொன்னேன். முடிவில் அவர் எழுந்து "டாக்டர்" என்று சேர்த்து என் பெயரைச் சொன்னார்.

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் அம்மா, அப்பா, பெரியப்பா. அம்மா அழுதாள். அப்பா பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். பெரியப்பா தட்டவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். அன்று என் உடம்பில் அம்மை இல்லை. யாரைக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

ஆனி முகூர்த்தம் நடக்கவில்லை. முகத்தில் தழும்பு என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். நன்றாக இருக்கட்டும். அதையும் அவள் செய்த உபகாரத்தில்தான் சேர்த்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் தெய்வம் உங்களைத் தடுக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேராக அவளிடமே கேளுங்கள். பயந்துகொண்டு கேட்காதீர்கள். மகள் கேட்கிற மாதிரி கேளுங்கள். அவள் யாரை அனுப்புவாள் என்று உங்களால் ஊகிக்க முடியாது. எனக்குக் குறுக்கே நின்றவரையே எனக்காகத் தூது அனுப்பினாள்.

போன மாதம் டேராடூனில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று வருடம். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் திருப்பதிக்கு அப்பால் போனதில்லை. ஆடி மாதம், அதுவும் ஊரில் காப்புக் கட்டிய பிறகு கிளம்ப வேண்டியிருக்கிறது. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டி ராத் தங்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். பெரியப்பா காதுக்குச் சேதி போனது. வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஊர்ல ஆத்தா கோயிலு கீதா?" என்று கேட்டார்.

"தெரியாது பெரியப்பா. நான் போறேன் இல்ல, கூட வருவா."

அவர் கொஞ்ச நேரம் என் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "குளிருமாமே, கம்பளி வாங்கிக்கினியா?" என்றார்.

வாங்கியாகிவிட்டது. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.