அத்தானின் தோளில் ஏறிய பொன்னாடை

எங்கள் அத்தான் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர் பலருக்கு, ஒரு ஜேர்மன்காரர் எப்படி எங்கள் வீட்டு மூத்த மருமகன் ஆனார் என்பது இன்றும் சரியாகத் தெரியாது. அவர் மனைவியின் தங்கை, மச்சாள் என்ற உரிமையில் நானே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் பிறந்தது ஜேர்மனியில் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. போர்க்காலத்துப் பிள்ளை என்பதால் பசி அறிந்தவர். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டார், எங்களையும் வைக்கவிடமாட்டார். மீசை அரும்பும் முன்பே ஊர்க் கழகத்தின் பின்வரிசையில் உதைபந்தாடத் தொடங்கி, பிறகு பெரிய கழகம் ஒன்றுக்கும் ஆடினார். எழுபதுகளின் தொடக்கத்தில், ரொறன்ரோவில் குடியேறிய ஜேர்மன்காரரின் கழகம் ஒன்று அழைத்தது. இரண்டு கோடைகாலம் ஆடிவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவருக்கு முதல் கோடையிலேயே முழங்கால் போயிற்று. சத்திரசிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர் எங்கள் அக்கா. முழங்கால் சரிவரவில்லை, கலியாணம் சரிவந்தது.

ஓட முடியாதவரைக் கழகம் உதவிப் பயிற்றுநர் ஆக்கியது. வார நாட்களில் இயந்திரப் பட்டறையில் வேலை, மாலையும் ஞாயிறும் மைதானம். பந்துக்குக் காற்றடிப்பது, ஆட்டக்காரரின் கணுக்காலுக்குத் துணி சுற்றுவது, பயிற்சியை நடத்துவது எல்லாம் அத்தான். ஆடப்போகும் பதினொரு பேரின் பெயரை வாசிப்பது மட்டும் தலைமைப் பயிற்றுநர். பெயர் வராதவனுக்குப் பக்கத்தில் போய் இருந்து காரணம் சொல்லித் தேற்றுவதும் அத்தானின் தலையில்தான் விழும். ஒரு அணி ஒரு வருடமாவது தன் கையில் இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அப்பா, அம்மா, நான் மூவரும் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் அக்காவின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்த வருடம், தலைமைப் பயிற்றுநர் ஓய்வுபெற இருந்தார். அடுத்தவரை அவரே கைகாட்டிவிட்டுப் போவார் என்பது பேச்சு. அந்தக் கை அத்தான் பக்கம்தான் நீளும் என்று அக்கா நம்பினார்.

அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். உதவி அரசாங்க அதிபருக்கு முன்னால் ஆயுள் முழுவதும் எழுந்து நின்றே பேசியவருக்கு, உதவிப் பயிற்றுநர் என்பது சின்னப் பதவியாகத் தோன்றவேயில்லை. வேலைவெட்டி இல்லாததால் அந்தக் கோடை முழுவதும் அத்தானோடு பயிற்சிக்குப் போய்க் கரையில் இருந்து பார்த்தார். "எல்லாத்தையும் மருமேன்தான் பாக்கிறார். மற்றவர் சும்மா வந்து பேர் வாசிச்சிட்டுப் போறார்," என்று வீட்டில் வந்து சொல்வார்.

இலையுதிர்கால ஞாயிறு ஒன்றில் கிண்ணத்துக்கான கடைசி ஆட்டம். வென்றுவிட்டோம். தலைமைப் பயிற்றுநர் கிண்ணத்தோடு நடுவில் நிற்க, படம் எடுக்க எல்லோரும் வரிசையானார்கள். அப்பா கோட்டுக்குள் இருந்து ஒரு பொன்னாடையை எடுத்தார். மருமகனுக்கென்று ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. விறுவிறுவென்று மைதானத்துக்குள் போனவர், தலைமைப் பயிற்றுநரைத் தாண்டி அத்தானின் தோளில் அதைப் போர்த்தினார். இந்த அணியை ஆளாக்கியவர் தன் மருமகன்தான் என்று, எல்லோருக்கும் கேட்க ஆங்கிலத்தில் ஒரு சிறு உரையும் ஆற்றினார்.

"ஐயோ, அப்பாவை ஆரும் பிடியுங்கோ," என்றார் அக்கா. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தலைமைப் பயிற்றுநரின் முகம் கறுத்துவிட்டது. உன் வீட்டில் உன்னை யாரென்று சொல்லி வைத்திருக்கிறாய் என்று அத்தானிடம் கேட்டாராம். வயதானவர், விளங்காமல் செய்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பொன்னாடையைக் கழற்றியிருந்தால் போதும். "இவர் என் மாமனார்," என்று மட்டும் அத்தான் சொன்னார். அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, படத்துக்கும் விருந்துக்கும் பொன்னாடையோடே நின்றார்.

அந்தக் குளிர்காலம் வேறொருவர் தலைமைப் பயிற்றுநராக வந்தார். அவருக்கும், அவருக்குப் பின் வந்தவருக்கும் அத்தான் உதவியாளராகவே இருந்தார். கழகம் கலையும்வரை அப்படித்தான். உங்களை ஏன் போடவில்லை என்று அப்பா கேட்டபோது, அம்மாவிடம் பழகிய தமிழில், "அவருக்கு அனுபவம் கூட, மாமா," என்றார். அப்பா அதை நம்பியே கண்மூடினார்.

அத்தானின் கடைசி மாதங்களில் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முறைபோட்டுக் கூடவிருந்த பழைய ஆட்டக்காரர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா இன்றும் இரண்டு பேருக்குத் தேநீர் போடுகிறார். ஞாயிறு மத்தியானம் ஆனால் என் காது தொலைபேசியிலேயே இருக்கிறது. "மச்சாள், மட்ச் துவங்கப்போகுது, வாறியளோ?" என்ற அந்தக் குரல் இனி வராது என்று தெரிந்தும் மனம் கேட்குதில்லை.

போவதற்குச் சில நாட்களுக்கு முன், ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டேவிட்டேன். "அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அந்த வேலை உங்களுக்குத்தானே அத்தான். ஏன் சொல்லேல்லை?"

அத்தான் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "அந்தக் கோடை முழுக்க என்ரை வேலையை இருந்து பாத்த ஒரே ஆள் மாமா. அவர் பிழை விட்டிட்டார் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது, மச்சாள்?"