மகளைக் கேட்காமல் போட்ட பல் கம்பி

மூத்த மகளின் மஞ்சள் நீராட்டு விழா பேனரில் அவள் பல் தெரியச் சிரித்தபடி இருந்தாள். அதைப் பார்த்த என் நாத்தனார், "என்ன அண்ணி, பொண்ணுக்கு முன்னாடி பல்லு வந்து வாங்கன்னு கூப்பிடுது! ஒரு கம்பி போடக் கூடாதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

மறுவாரமே நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். "மெல்றதுல ஒரு குறையும் இல்லம்மா. அழகுக்குன்னா பாப்பா இஷ்டம்" என்றார். மகள், "வேணாம்மா" என்றாள். நான், "போட்டுடுங்க சார்" என்றேன்.

இரண்டு வருடத்தில் பல் வரிசையாகிவிட்டது. ஆனாலும் கம்பி போட்ட நாளிலிருந்து அவள் கையால் வாயை மறைத்துத்தான் சிரிக்கிறாள்.

சின்னவளுக்கும் அதே மாதிரிப் பல்தான். இப்போது யாராவது பேச்செடுத்தால், "அவ கேட்டா பாத்துக்கலாம்" என்று உடனே சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் பெரியவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.