மாலிந்தியில் ஏறிய மாலுமி

கொடைக்கானலில் ஒரு பழைய மிஷன் கட்டடத்துக்குள் சின்ன அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளாக அதைத் திறந்து, கூட்டி, டிக்கெட் கிழிப்பவர் சகாயராணி. மழைக்காலத்தில் ஆள் வராது. ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக்கொண்டு, அலமாரியில் இருந்த கடற்பயண நூல்களையெல்லாம் அவர் படித்து முடித்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

பெரிய கடல் வரைபடத்தின் கீழே ஒரு பலகை: ‘இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் வாஸ்கோடகாமா, 1498.’

அவர் படித்த நூல்கள் வேறு சொல்லின: ஆப்பிரிக்கக் கரையில் மாலிந்தித் துறைமுகத்தில் ஒரு மாலுமி காமாவின் கப்பலில் ஏறினார். பருவக்காற்றும் விண்மீனும் அறிந்தவர். நான்கு வாரத்துக்குள் கோழிக்கோட்டுக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். வணிகர்கள் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்த வழி அது. அதற்குக் கண்டுபிடிப்பு என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

பலகைகளை மாற்றப்போகிறார்கள் என்றதும் சகாயராணி பொறுப்பாளர் ஜெபதுரையிடம் போனார்.

“சார், அந்த மாலுமியப் பத்தி ஒரே ஒரு வரி சேத்துருங்க.”

“அந்தாளு பேரு என்னம்மா?”

“அதுலதான் சார் இன்னும் சண்டை. குஜராத்துக்காரருங்கிறாங்க, அரபுக்காரருங்கிறாங்க.”

“பேரே தெரியாத ஆளுக்கு போர்டா? டூரிஸ்ட் சிரிப்பான். பாத்ரூம்ல தண்ணி வருதான்னு பாருங்க, போங்க.”

“பேர எழுதாம விட்டது யாரு சார்? வழி காட்டுனவரு தப்பா?”

பக்க எண்களோடு மூன்று கடிதம் எழுதினார். “சரிம்மா, போட்டுருவோம்” என்றார் ஜெபதுரை கடைசியில்.

புதிய பலகை வந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார் சகாயராணி. ‘உள்ளூர் உதவியுடன் இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் வாஸ்கோடகாமா.’

அன்று மூடுபனி. வடகவுஞ்சிப் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டும் ஒச்சன், நடக்க முடியாமல் ஒரு கூட்டத்தை அங்கே கூட்டி வந்திருந்தார்.

“என்னம்மா, மூஞ்சி இப்படிக் கெடக்கு?”

வாசித்துக் காட்டினார்.

“அட, அது எம் பேராச்சே!” ஒச்சன் சிரித்தார். “நான் கூட்டிட்டுப் போன பாதைய ஒருத்தரு மேப்பு போட்டு புஸ்தகம் அனுப்புனாரு. எம்பேத்தி வாசிச்சா. கடைசிப் பக்கத்துல, உள்ளூர் உதவிக்கு நன்றின்னு.”

“சிரிக்காதீங்கண்ணே. பத்திக்கிட்டு வருது.”

“மாட்டியாச்சா? வெரசா!” உள்ளிருந்து ஜெபதுரையின் குரல்.

மாட்டினார். அது அவர் வேலை. பிறகு, பார்வையாளர்கள் கருத்து எழுதும் பதிவேட்டைத் திறந்து, பத்தொன்பது ஆண்டில் முதல்முறையாக எழுதினார்: ‘வழி தெரிந்தவர் அந்த மாலுமி. உதவியாளர் அல்லர்.’ பெயர்க் கட்டத்தில் தன் பெயரை முழுதாக எழுதிவிட்டு, பேனாவை ஒச்சனிடம் நீட்டினார். அவரும் தன் பெயரை எழுதினார்.

மறுநாள் காலை அந்தத் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. பலகை அப்படியே தொங்கியது. சகாயராணி டிக்கெட் புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நான்காவது கடிதத்தைத் தொடங்கினார்.